கிளைவ் ஹாரிகன் பார்த்த காலி வானம்

கிளைவ் ஹாரிகன் இப்போது என் பேக்கரிக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருகிறார். முன்வாசலில் நாலு பேர் நின்றிருந்தால் காரை விட்டே இறங்குவதில்லை. கூட்டம் கலைந்ததும் வந்து கறி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்று வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விடுவார். ஒரு காலத்தில் இதே கடையில் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு, என் அடுப்பின் சூடு சரியில்லை, கதவுக் கீல் சத்தம் போடுகிறது, விலைப்பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நாளுக்கு ஒரு குறை சொன்ன மனிதர் அவர்.

எங்கள் ஊர் பிண்டராவில் பாதி வீட்டுத் தொலைக்காட்சிகள் கிளைவின் கை பட்டவை. கடைவீதியில் மின்சாதனக் கடை வைத்திருந்தார். கடையை விற்றபின்பும் கை அரித்துக்கொண்டே இருந்தது. யார் வீட்டு ஆண்டெனா கோணலாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. கேட்காமலே ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் உதவி செய்த கையோடு அதை ஊருக்கும் ஒரு சுற்றுச் சொல்லிவிட்டு வருவார். அது ஒரு வியாதி.

சொந்தமாக ஒரு சின்ன விமானமும் வைத்திருந்தார். எங்கள் ஊர் விமான கிளப்புக்குப் பாதுகாப்பு அதிகாரி அவர்தான். கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மண் ஓடுபாதை, தகரக் கொட்டகைகள், ஞாயிற்றுக்கிழமை சாசேஜ் வாட்ட ஒரு அடுப்பு. மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் கோதுமை பயிரிட்டு ஆடு வளர்ப்பவர்கள். எனக்குப் பறக்கத் தெரியாது. ஞாயிறு மதியம் ரொட்டியும் மீட் பையும் கொண்டுபோவது என் வேலை. அங்கே வானத்தைப் பார்த்து வழி சொல்ல கோபுரமோ ஆளோ கிடையாது. விமானிகள் ரேடியோவில் "நான் இங்கே இருக்கிறேன், இறங்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொள்வார்கள், கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அப்போதுதான் அரசாங்கம் அந்தத் திட்டத்தை அறிவித்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. விமானத்தின் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் நாம் இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லும். பக்கத்தில் பறக்கிற மற்றவர்களை நம் திரையில் காட்டும். வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பாதிச் செலவைத் திருப்பித் தரும். "பாதி குடுக்குறான்னா மீதிப் பாதியை எப்படிப் பிடுங்குவான்னு யோசிங்கப்பா" என்றார் கிளப் தலைவர் டெஸ்மண்ட். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை.

கிளைவ் விடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். மொத்தமாகப் பெட்டிகளை வரவழைத்தார். மானிய விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நடுராத்திரியில் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிற ஆட்கள் கடவுச்சொல் என்றால் நடுங்குகிறார்கள். என் கடை மூலை மேஜையில் கிளைவ் கணினியைத் திறந்துவைத்து ஒவ்வொருவருக்கும் நிரப்பிக் கொடுத்தார். பணம் ஒவ்வொருவர் கணக்கிலும் வந்து விழுந்தபோது அவர் நடையே மாறிப்போனது.

பெட்டிகளைத் தயார்செய்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் அரசாங்கம் கொடுத்த தனி எண் உண்டு. அந்த எண்ணைப் பெட்டிக்குள் பதிய வேண்டும். கிளைவ் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் தன் எண்ணைப் பதிந்து, தன் விமானத்தில் ஒட்டி, ஒரு சுற்றுப் பறந்து பார்ப்பார். வேலை செய்கிறது என்று உறுதியானதும் விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துக்கொள்வார். பிறகு உரியவரின் எண்ணை மாற்றிப் பதிந்து கொடுப்பார். "சோதிக்காத பொருள் என் கடையைத் தாண்டினதே இல்ல" என்பார்.

நோரின் ஆஷ்டவுனின் பெட்டியைச் சோதித்துவிட்டு அவர் இறங்கிய நேரத்தில் மாவட்ட வாரப் பத்திரிகைக்காரி வந்து நின்றாள். அவளுக்கு அடுத்து ஒரு ஆட்டுக் கண்காட்சிக்குப் போக வேண்டிய அவசரம். கிளைவ் விமானத்திலிருந்து இறங்கிய கையோடு பெட்டியைக் கழற்றி நோரினிடம் நீட்டினார்; இருவரும் பல்லைக் காட்டினார்கள்; படம் வந்தது. ஊர் பாராட்டியது.

நோரின் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கணவன் கெவினுக்கு முழங்கால் போனபின் பண்ணையை அவள்தான் ஓட்டுகிறாள். அவள் நிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஜீப்பில் போய்வரவே அரை நாளாகும். அதனால் தன் பழைய செஸ்னா விமானத்தில் போய் ஆட்டுத் தொட்டிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று மேலிருந்தே பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு அது சொகுசு இல்லை, கால்.

வயலெல்லாம் கனோலாப் பயிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ரொட்டித் தட்டோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தபோது அது நடந்தது. நோரின் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நேர் மேலே கிளைவ் அதே ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். நோரினின் விமானத்துக்கு இறக்கை மேலே. தலைக்கு மேல் இருப்பது தெரியாது. கிளைவின் விமானத்துக்கு இறக்கை கீழே. காலடியில் இருப்பது தெரியாது. இரண்டு பேரும் ஒரே நொடியில் ரேடியோவில் பேசியிருக்கிறார்கள். அப்படிப் பேசினால் இருவர் காதிலும் எதுவும் விழாது. டெஸ்மண்ட் கையிலிருந்த ரேடியோவில் "கிளைவ், மேல போ, மேல போ" என்று கத்தினார். கிளைவின் சக்கரம் நோரினின் இறக்கையை உரசாமல் போனது கடவுள் புண்ணியம். என் கையிலிருந்த தட்டு எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

கிளைவ் பயந்துபோய்த்தான் இறங்கி வந்தார். பயந்த மனிதன் அடுத்ததாகக் கோபப்படுவான். மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"என் திரை காலியா இருந்துச்சு நோரின். ஒரு ஈ காக்கா இல்ல. அரசாங்கம் பாதிப் பணம் குடுத்தது பெட்டியை அலமாரில வெக்கிறதுக்கா?"

"நான் போட்டிருந்தேன் கிளைவ். பச்சை வெளிச்சம் எரிஞ்சுது. என் திரையிலயும் நீ இல்ல."

"எரிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் சோதிச்சுக் குடுத்த பெட்டி அது."

யாரோ, போன மாதம் நோரின் தன் கார்ச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடிய கதையை எடுத்துவிட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. பொல்லாத சிரிப்பு இல்லை, எங்கள் ஊரில் எதற்கும் சிரிப்போம். ஆனால் நோரின் சிரிக்கவில்லை. அவள் அம்மா கடைசி வருடங்களில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நோரின் தன் தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரமே கிளப் பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: செஸ்னா விற்பனைக்கு.

கிளைவ் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தன் வீட்டுக் கூரையில் புதிதாக ஒரு ஆண்டெனா நட்டார். அந்தப் பெட்டிகள் அனுப்புகிற சமிக்ஞைகளைப் பிடித்து, யார் எங்கே பறக்கிறார்கள் என்று கைபேசியில் படமாகக் காட்டுகிற ஏற்பாடு. யார் பெட்டியைப் போடாமல் பறக்கிறார்கள் என்று இனிமேல் ஆதாரத்தோடு பிடிப்பேன் என்று என் கடையில் வைத்தே சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு வாயில் வந்தது. வியாபார நேரம் என்று விழுங்கினேன்.

மறுநாள் காலை கடையில் மீட் பையைக் கடித்துக்கொண்டே கைபேசியைப் பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"என் விமானத்தை எவனோ ஓட்டிட்டுப் போறான்" என்றார்.

திரையில் அவருடைய விமானம், அவருடைய பெயரோடு, ஊருக்குத் தெற்கே மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. பாதி மீட் பையை மேஜையில் போட்டுவிட்டு ஓடினார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து அவர் கார் கிளப்பிய புழுதியைப் பார்த்தோம். நான் காவல் நிலையத்துக்குப் போன் போடலாமா என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, விமானம் பத்திரமாக இருக்கிறது, அந்த இணையதளத்தில் ஏதோ கோளாறு என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஊர் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தது.

கொட்டகையில் அவர் கண்டது என்னவென்று வெகுநாள் கழித்து அவர் வாயாலேயே கேட்டேன். பூட்டுப் பூட்டியபடி இருந்தது. உள்ளே விமானம் அசையாமல் நின்றது. கையில் ஸ்பேனரோடு திருடனை அடிக்கப் போனவர் கைபேசியைப் பார்த்தார். அவர் விமானம் இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது. நோரினின் ஆட்டுத் தொட்டிகளுக்கு மேல், ஒவ்வொரு தொட்டியாகச் சுற்றிக்கொண்டு.

அப்போதுதான் அந்தப் புகைப்படம் எடுத்த காலை அவருக்கு ஞாபகம் வந்தது. நோரினின் பெட்டியில் எண்ணை மாற்றவே இல்லை. படம் எடுத்து முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். படத்தோடு மறந்தும் போனார். அன்றிலிருந்து நோரின் பறந்ததெல்லாம் கிளைவின் எண்ணில். ஒரு பெட்டி தன் எண்ணோடு வருகிற சமிக்ஞையைக் கண்டால் "இது நானேதான்" என்று எடுத்துக்கொண்டு திரையில் காட்டாது. காட்டினால் விமானி தன்னைப் பார்த்தே மிரண்டுபோவார். அதனால் வானத்தில் மற்ற எல்லோரும் நோரினின் திரையில் தெரிவார்கள், மற்ற எல்லோர் திரையிலும் நோரின் தெரிவாள். கிளைவும் நோரினும் மட்டும் ஒருவர் திரையில் ஒருவர் தெரியமாட்டார்கள். அவளைக் கொல்லப் பார்த்தது அவளுடைய மறதி இல்லை, அவருடைய பல்லிளிப்பு. கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்ததாம்.

நேரே நோரின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். போகத்தான் போனார். போகிற வழியில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பாதுகாப்பு அதிகாரி என்ற பெயர் போகும். மானிய விண்ணப்பத்தில் எல்லாம் சரியாகப் பதியப்பட்டது என்று எழுதியவர் அவர். அதை அரசாங்கம் தோண்டலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அத்தனை பேர் முன்னால் அவளை அவமானப்படுத்திய வாய் இது. நோரின் வாசலுக்கு வந்து நின்றபோது அவர் வாயிலிருந்து வந்தது வேறு: விற்பதற்கு முன்னால் பெட்டியை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் நோரின்.

அவள் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள். அவள் கொட்டகை நிழலில் நின்று, கைபேசியால் எண்ணை மாற்றினார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. திரும்பக் கொடுத்தபோது நோரின் ஒரு பாட்டில் சீமைமாதுளை ஜாமை அவர் கையில் வைத்து, "நீ அன்னைக்குச் சொன்னது சரிதான் கிளைவ். நான்தான் போட மறந்திருக்கணும். எரிஞ்சுதுன்னு நானே நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காரில் அந்த ஜாம் பாட்டில் பக்கத்து இருக்கையில் உருண்டுகொண்டே வந்தது. வீட்டில் அதைத் திறக்கவே இல்லை. மனைவி கிளெனிஸ் திறக்கப்போனபோது அவர் கத்தியதில், அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கிளைவின் நெஞ்சு குறுகுறுத்த விதம், நோரினுக்கு ஓடி ஓடி வேலை செய்வது. அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தார். கெவினின் சாய்வு நாற்காலிக்கு எட்டுகிற மாதிரி விளக்கு ஸ்விட்சை மாற்றிவைத்தார். நோரின் மகன் பெர்த் நகரத்திலிருந்து போன் போட்டு, அம்மா ஒருமுறை ஞாபகசக்திப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதுவரை காரும் ஓட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தான். பெரிய ஊர் மருத்துவமனை வெகுதூரம். யார் கூட்டிப்போவது என்ற பேச்சு என் கடையில்தான் நடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கிளைவ் முந்திக்கொண்டார். எவ்வளவு நல்ல மனது என்று நானும் நினைத்தேன்.

போகிற வழியெல்லாம் நோரின் பழைய தேதிகளையும் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும் தனக்குத் தானே சொல்லிப்பார்த்துக்கொண்டே போனாளாம், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. உள்ளே கடிகாரம் வரையச் சொன்னார்கள், மிருகங்களின் பெயரைக் கேட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் மருத்துவர். திரும்பும்போது நோரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்கம்மாவுக்கும் முதல்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்று அழுதாள். கிளைவ் வண்டியை ஓரம் கட்டினார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாராம். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாராம். அதை மட்டும்தான் செய்தாராம். என்னிடம் இதைச் சொன்னபோது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறுவடை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, நோரினின் விமானத்தை வாங்க ஒரு இளம் தம்பதி கிளப்புக்கு வந்தார்கள். கிளப்பே கூடியிருந்தது. கிளைவ் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு இடுக்கியோடு சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். கணவன், சின்னப் பையன்தான், விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. விலை பேசி முடிந்தது. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நோரின் அவனை நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் தம்பி, அப்புறம் யாராவது சொல்லித் தெரிய வேண்டாம். விமானம் நல்ல விமானம். ஓட்டினவதான் சரியில்ல. பெட்டியைப் போட மறந்து, இதோ நிக்கிறாரே, இவரைச் சாகடிக்கப் பார்த்தேன். அதான் விக்கிறேன்."

அவள் அதைக் குரல் உடையாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. டெஸ்மண்ட் தன் தொப்பியைப் பார்த்தார். அன்று சாவிக் கதை சொல்லிச் சிரித்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

"அவ மறக்கல" என்றார் கிளைவ்.

முதலில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவர் அடுப்பைப் பார்த்தபடியே இன்னொரு முறை சொன்னார்.

"அவ மறக்கல. பெட்டி எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதுல என் நம்பர் இருந்துச்சு. போட்டோவுக்கு அவசரப்பட்டு மாத்தாம குடுத்தது நான். அவ ஒரு தப்பும் செய்யல. நான் செஞ்ச தப்புக்குத்தான் உங்க எல்லாரு முன்னாடியும் அவளை நிக்க வெச்சேன்."

எண் எப்படி இரண்டு விமானங்களையும் மறைத்தது என்பதையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. கொழுப்பு சொட்டி அடுப்பு புகைந்தது; யாரும் நகரவில்லை. நான் நோரினைப் பார்த்தேன். அவள் முகத்தில் இத்தனை வாரமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஒரு நிமிடம் பள்ளிக்கூடத்து நோரின் மாதிரியே இருந்தாள். அழப்போகிறாள், இல்லை அவரைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டாரே என்று எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

அப்புறம் அவள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும் கிளைவ்?"

அவர் இடுக்கியால் ஒரு சாசேஜைப் புரட்டினார்.

"பெட்டியைச் சரிபார்த்துத் தரேன்னு வந்தியே. அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறப்ப?"

கிளைவ் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நோரின் அந்தப் பையனிடம் திரும்பி, மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். விமானம் இனி விற்பனைக்கு இல்லை என்றாள். அவன் பாவம், சரி சரி என்று ஒதுங்கினான். அவள் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பிறகு அடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து கிளைவுக்கு நேரே நின்றாள்.

"என் ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. நீ வண்டிய ஓரங்கட்டி கைக்குட்டை குடுத்தது வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கு. இனிமேலும் இருக்கும்."

அவள் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு தெற்கே தன் தொட்டிகளைப் பார்க்கப் போனாள். கிளைவ் கருகின சாசேஜ்களைப் பார்த்தபடி இடுக்கியோடு நின்றிருந்தார். யாராவது வந்து அதைக் கையிலிருந்து வாங்கியிருக்கலாம். யாரும் போகவில்லை, நானும் போகவில்லை.